கடலின் நுண்ணுயிரும் நீலகிரியின் கருஞ்சேறும்

ஆனி மாதத்தில் உதகமண்டலத்திலிருந்து அவலாஞ்சி செல்லும் பாதையில் நின்று மேற்கே நோக்குவோர், குந்தா மலைகளின் முகட்டைத் தாண்டி வெண்மேகங்கள் திரள்திரளாக ஏறி வருவதைக் காண்பர். அவை அரபிக்கடலிலிருந்து வருபவை என்பதை மலைவாழ் மக்கள் யாவரும் அறிவர். ஆனால், அம்மேகங்களைச் சுமந்து வரும் அதே காற்று, வரும் வழியிலே கடல்நீரைக் கலக்கி, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிச் சிற்றுயிர்களுக்கு உணவூட்டிவிட்டு வருகிறது என்பதை அறிந்தவர் சிலரே. அச்சிற்றுயிர்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, அதிலொரு பகுதியைக் கடலின் ஆழத்தில் சேர்த்து வைக்கின்றன. கடல் சூடேறி வரும் இக்காலத்தில் அவ்வேலை தடைப்படுமோ என்று விஞ்ஞானிகள் கவலை கொண்டுள்ளனர்.

கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டர் உயரத்தில் தேயிலையும் உருளைக்கிழங்கும் பயிரிடும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு உண்டு. கடல் தன் அடியில் செய்யும் அதே சேமிப்பை, நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களும் சிறிய அளவில் செய்து வருகின்றன. மேலும், கடலடிச் சேறும் மலைச் சதுப்பின் கருஞ்சேறும் ஒரே பருவக்காற்றின் வரலாற்றைத் தனித்தனியே எழுதி வைத்துள்ளன. அவ்விரண்டையும் ஒருங்கே விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிதவை உயிர்கள்

கடல்நீரில் ஒரு குவளையை முகந்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதில் எண்ணிறந்த உயிர்கள் மிதப்பதைக் காணலாம். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலிமையின்றி, அது கொண்டுசெல்லும் இடத்திற்கெல்லாம் செல்லும் இவற்றைப் பிளாங்க்டன் என்பர். நாம் மிதவை உயிர்கள் எனலாம். இவற்றுள் இருவகை உண்டு. ஒன்று, பச்சையம் உடையது. நிலத்திலுள்ள பயிரைப் போலவே சூரிய ஒளியையும் கரியமில வாயுவையும் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக் கொள்வது. இது மிதவைத் தாவரம். மற்றொன்று, இதனை மேய்ந்து வாழ்வது. இது மிதவைப் பிராணி.

மிதவைத் தாவரங்களில் முதன்மையானது டயாட்டம் என்பது. மணலில் உள்ள சிலிக்காவைக் கொண்டே இது தனக்குக் கண்ணாடி போன்ற ஓடு செய்து கொள்கிறது. ஓடு கனமாக இருப்பதால், இறந்த பின் இது விரைவாக மூழ்கும். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்தல் நலம், பின்னர் பயன்படும்.

உலகிலுள்ள பசுந்தாவரங்கள் அனைத்தின் எடையில் மிதவைத் தாவரங்களின் எடை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும், உலகத் தாவரங்கள் ஆண்டுதோறும் உணவாக மாற்றும் கரியில் ஏறத்தாழப் பாதியை, அஃதாவது 5,000 கோடி டன் அளவை, இவையே மாற்றுகின்றன. இவற்றின் வாழ்நாள் சில நாட்களே. தோன்றுவதும், பெருகுவதும், உண்ணப்படுவதும் ஓயாது நிகழ்வதால், சிறிய முதலில் பெரிய வாணிபம் நடத்தும் வணிகனைப் போல் இவை இயங்குகின்றன.

கடலின் களஞ்சியம்

காற்றிலுள்ள கரியமில வாயு, கடலின் மேற்பரப்பில் கரைகிறது. மிதவைத் தாவரம் அதனைக் கொண்டு உடல் வளர்க்கிறது. அதனை மிதவைப் பிராணி உண்கிறது. அதனைச் சிறு மீன் உண்கிறது. உண்ணப்பட்டதில் பெரும்பகுதி மூச்சு விடுதலால் மீண்டும் கரியமில வாயுவாகி மேல்நீரிலேயே கலந்துவிடும். எஞ்சிய சிறு பகுதி, இறந்த உடல்களாகவும் எச்சமாகவும் துகள் துகளாகக் கீழே இறங்குகிறது. ஆழ்கடலில் ஓயாது பெய்யும் இத்துகள் மழை பனி பெய்வது போலத் தோன்றுவதால் இதனைக் கடற்பனி என்பர். ஆண்டொன்றுக்குச் சற்றேறக்குறைய 1,000 கோடி டன் கரி இவ்வாறு மேல்நீரை விட்டுக் கீழே செல்கிறது எனக் கணக்கிட்டுள்ளனர். அதிலும் மிகச் சிறு பங்கே கடலின் அடித்தரையில் போய்ப் படியும். மற்றவை வழியிலேயே மட்கிப்போகும். ஆனால், ஆழத்தில் மட்கிய கரி அவ்வாழ்நீரிலேயே தங்கி, மீண்டும் மேலே வரப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அதுவரையில் அது காற்றுக்குத் திரும்பாது.

இச்சேமிப்பின் பெருமையை ஒரு கணக்கால் உணரலாம். இன்று காற்று மண்டலம் முழுவதிலும் உள்ள கரியைப் போல் 40 மடங்குக்கு மேற்பட்ட கரி கடலில் உள்ளது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதர் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடலே ஏற்றுக் கொள்கிறது. ஏற்காவிடின் புவி இன்றுள்ளதைவிட வெப்பமாக இருக்கும். ஆலைகளும் வண்டிகளும் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளவெடுக்கத் தொடங்கியபோது 315 பங்காக இருந்தது. இன்று 420-ஐயும் கடந்துவிட்டது.

அரபிக்கடலின் உழவு

உழவர்க்கு ஒன்று நன்கு தெரியும்: ஒளியும் நீரும் இருந்தால் மட்டும் பயிர் வளராது, உரமும் வேண்டும். கடலிலும் அப்படியே. ஒளி மேலே இருக்கிறது. நைட்ரேட்டு, பாஸ்பேட்டு முதலிய உரங்கள் இருள் சூழ்ந்த ஆழத்தில் இருக்கின்றன. அடிநீர் மேலே வந்தாலன்றிப் பயிர் இல்லை. இந்த உழவைச் செய்வதே காற்று.

வைகாசி, ஆனி மாதங்களில் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் புறப்படும் தென்மேற்குப் பருவக்காற்று, சோமாலியா, ஓமான் நாடுகளின் கரைகளில் மேல்நீரை அப்பால் தள்ளுகிறது. அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த அடிநீர் உரத்துடன் மேலேறுகிறது. கேரளக் கரையிலும் இவ்வாறே நிகழ்கிறது. மார்கழி, தை மாதங்களிலோ, வடக்கிலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்றால் வட அரபிக்கடலின் மேல்நீர் குளிர்ந்து, கனமேறி அமிழ்கிறது. அடிநீர் கலந்து மேலே வருகிறது. ஆண்டுக்கு இருபோகம் விளையும் வயலைப் போன்றது அரபிக்கடல்.

இவ்விளைவு நம் உணவோடும் தொடர்புடையது. மலபார்க் கரையில் மத்தி மீன் மிகுவதும் குறைவதும் ஒருவகை டயாட்டத்தின் பெருக்கத்தை ஒட்டியே நிகழ்கின்றன என்று நம் நாட்டு மீன்துறை ஆராய்ச்சியாளர் 1955-லேயே எடுத்துக் காட்டினர். அக்காலத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்தில் இருந்தது. மத்தி மீன் அளவுக்கு மிஞ்சிப் பிடிபட்ட காலங்களில் எண்ணெய் எடுத்தது போக எஞ்சியதைக் காயவைத்து உரமாக்கி, மலைத் தோட்டங்களுக்கு அனுப்பும் வழக்கமும் முன்பு இருந்தது. அத்தொழிலைச் சீர்ப்படுத்த உழைத்தவர் பிரெடரிக் நிக்கல்சன் என்பவர். சென்னை மாகாண மீன்துறையைத் தொடங்கி வைத்தவரும், நம் நாட்டுக் கூட்டுறவு இயக்கத்திற்கு வித்திட்ட அறிக்கையை எழுதியவரும் அவரே. ஓய்வுக்குப் பின் அவர் தங்கி வாழ்ந்தது குன்னூரில். கடலின் நுண்ணுயிர் கைப்பற்றிய சத்து, மீனாகி, உரமாகி, மலையின் தேயிலையிலும் காப்பியிலும் ஏறியது எனின் அது கற்பனையன்று.

இங்கே ஒரு செய்தியை மறைத்தல் கூடாது. மேலேறும் அடிநீர் உரத்தை மட்டும் கொணர்வதில்லை. முன்பு ஆழத்தில் சேர்ந்த கரியமில வாயுவையும் கொணர்கிறது. ஆகவே, அரபிக்கடல் வளமிக்க விளைநிலமாக இருந்தும், மொத்தக் கணக்கில் கரியமில வாயுவைக் காற்றுக்கு வெளியிடும் கடலாகவே உள்ளது. மிதவைத் தாவரங்கள் இல்லையேல் அவ்வெளியீடு இன்னும் மிகும்.

கடல் சூடேறினால் நிகழ்வது என்ன?

வெயிலில் நின்ற தொட்டியில் இறங்கிக் குளித்தவர்கள், மேல்நீர் வெதுவெதுப்பாகவும் கால் படும் அடிநீர் சில்லென்றும் இருப்பதை உணர்ந்திருப்பர். வெந்நீர் இலேசானது, தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடலும் மேலே சூடேறச் சூடேற, மேல்நீருக்கும் அடிநீருக்கும் இடையே கலப்பு குறைகிறது. காற்று எவ்வளவு கலக்கினும் அடியிலுள்ள உரம் முன்போல் மேலே ஏறுவதில்லை. உரமின்றி மிதவைப் பயிர் மெலிகிறது.

இரண்டாவதாக, உரம் குறைந்த நீரில் டயாட்டம் போன்ற பெரியவை குறைந்து, மிகச் சிறிய வகைகள் மிகுகின்றன. சிறியவை எளிதில் மூழ்குவதில்லை. மேல்நீரிலேயே உண்ணப்பட்டு மட்கிவிடுகின்றன. ஆழத்தின் களஞ்சியத்திற்குச் செல்வது குறைகிறது.

மூன்றாவதாக, வெப்பம் மிகுந்தால் மட்குதலும் விரைவாகும். கோடையில் குப்பைக்குழி விரைவில் மக்குவதை நாம் காண்கிறோம். கீழிறங்கும் துகள் ஆழத்தை அடையுமுன்பே மட்கினால், அக்கரி விரைவில் காற்றுக்குத் திரும்பிவிடும்.

நான்காவதாக, சூடான நீரில் வாயுக்கள் குறைவாகவே கரையும். வெயிலில் வைத்த சோடாப் புட்டியைத் திறந்தால் பொங்கி வழிவது இதனால்தான். ஆகவே, கடல் தானே ஏற்கும் கரியமில வாயுவும் குறைகிறது. பிராண வாயுவும் குறைகிறது. ஏற்கெனவே அரபிக்கடலின் நடு ஆழத்தில் பிராண வாயு மிகக் குறைந்த ஒரு பெரும் பகுதி உண்டு.

இவை வெறும் அச்சமல்ல. வெப்பமண்டல இந்துமாக்கடலின் மேல்நீர் 1951-க்கும் 2015-க்கும் இடையில் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் சூடேறியுள்ளதாக இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மேற்கு இந்துமாக்கடலில் மிதவைத் தாவரங்கள் 60 ஆண்டுகளில் நூற்றுக்கு 20 வரை குறைந்திருக்கக் கூடும் என்று புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் ராக்ஸி மேத்யூ கோல் என்பவரும் அவர்தம் குழுவினரும் 2016-இல் தெரிவித்தனர். குறைவின் சரியான அளவைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடல் சூடேறினால் கலப்பு குறையும் என்பதில் வேறுபாடு இல்லை.

கடலில் வாழும் உயிர்களின் கூட்டமும் மாறுகிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் முதல், குளிர்காலத்தில் வட அரபிக்கடலில் டயாட்டங்கள் வழக்கமாகப் பெருகிய இடத்தில் நாக்டிலூக்கா என்னும் பசுமை நிற உயிர் பெருமளவில் பரவி வருகிறது. இது இரவில் ஒளிவிடும் இயல்புடையது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீல ஒளி வீசியதைக் கண்டு மக்கள் வியந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் இவ்வுயிர் பெருகிக் கடல்நீர் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. காண்பதற்கு அழகாயினும், மீனுக்கு உணவாகும் டயாட்டத்தின் இடத்தை இது பிடிப்பது நன்மையன்று.

கடலுக்கு உரமிடலாமா?

உரக்குறைவுதான் காரணம் என்றால், கடலுக்கும் உரமிட்டால் என்ன என்று உழவர் கேட்பது இயல்பே. அறிஞரும் அவ்வாறே கேட்டனர். தென்முனையைச் சூழ்ந்த கடலில் மற்ற சத்துக்கள் இருந்தும் இரும்புச் சத்து மட்டும் இல்லாமையால் மிதவைத் தாவரங்கள் வளர்வதில்லை. ஆதலின், 2009 ஜனவரி முதல் மார்ச்சு வரை, கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிலையத்தாரும் ஜெர்மானிய அறிஞரும் ஒன்றுசேர்ந்து, போலார்ஸ்டெர்ன் என்னும் கப்பலில் தென் அட்லாண்டிக் கடலுக்குச் சென்று, 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் சில டன் இரும்புச் சத்தைத் தூவினர். லோஹாஃபெக்ஸ் என்பது அச்சோதனையின் பெயர். நம் மொழிகளில் இரும்பைக் குறிக்கும் லோகம் என்ற சொல்லே அதன் முற்பாதி.

இரு வாரங்களில் மிதவைத் தாவரங்கள் இரு மடங்காயின. ஆனால், அந்நீரில் சிலிக்கா இல்லாமையால் டயாட்டம் வளரவில்லை. வளர்ந்த சிறிய வகைகளை மிதவைப் பிராணிகள் மேய்ந்து தீர்த்தன. ஆழத்திற்குச் சென்ற கரி மிகச் சொற்பம். விளைந்த பயிரை மாடு மேய்ந்து, களஞ்சியம் வெறுமையாக நின்ற கதைதான். இயற்கையின் களஞ்சியம் கெட்டபின் புதிதாக ஒன்று கட்டுவது எளிதன்று என்பதே அச்சோதனை கற்பித்த பாடம்.

நீலகிரியின் கருஞ்சேறு

இனி, மலைக்கு வருவோம். உதகமண்டலத்தைச் சூழ்ந்த மேட்டுநிலத்தில், புல்மேடுகளுக்கு இடையேயுள்ள பள்ளங்களில் ஆண்டு முழுவதும் நீர் தேங்கி நிற்கும் சதுப்புகள் உண்டு. அவற்றில் வளரும் கோரையும் புல்லும் இறந்து விழுகின்றன. நீரில் மூழ்கிய தழையைப் பிராண வாயு எட்டுவதில்லை, குளிரும் மிகுதி. ஆதலால் அது முழுதும் மட்காமல், ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகப் படிந்து கருஞ்சேறாகிறது. குளிர்நாடுகளில் இதனை வெட்டிக் காயவைத்து விறகாக எரிப்பதுண்டு. காற்றிலிருந்து தாவரம் பிடித்த கரி, மீண்டும் காற்றுக்குத் திரும்பாமல் நீரின் காவலில் இருப்பதே இதன் இயல்பு. கடலின் அடித்தரை செய்யும் வேலையும் இதுவே. உலக நிலப்பரப்பில் இத்தகைய கருஞ்சேற்று நிலம் நூற்றுக்கு 3 பங்கே எனினும், உலகின் காட்டு மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுதியான கரி இதில் உள்ளது.

வெப்பமண்டலத்தில் மலைமீது இவ்வளவு பழமையான கருஞ்சேறு கிடைப்பது அரிது. உதகைக்கு அருகில் சாண்டிநல்லாப் பகுதியின் சேற்றை ஆராய்ந்து, சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகிய நம் நாட்டு விஞ்ஞானிகள் 1993-இல் வெளியிட்ட முடிவுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. அவர்கள் கையாண்ட முறை வருமாறு: கரியணுவில் 12 எடையுள்ளதும் 13 எடையுள்ளதுமாக இருவகை உண்டு. சோளம், கரும்பு போன்ற வெப்பநாட்டுப் புல்லினங்கள் இரண்டாவது வகையைச் சற்றே மிகுதியாக ஏற்கும். மரங்களும் ஈரத்தை நாடும் செடிகளும் குறைவாக ஏற்கும். ஆகவே, சேற்றின் ஒவ்வோர் அடுக்கிலும் இவ்விரண்டின் விகிதத்தை அளந்தால், அக்காலத்தில் மலையை மூடியிருந்தது எவ்வகைத் தாவரம், மழை மிகுந்ததா குறைந்ததா என்று அறியலாம். அடுக்கின் வயதைக் கதிரியக்கக் கரியைக் கொண்டு கணிக்கலாம்.

அவ்வாறு படித்ததில் தெரிந்தது இது: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் வடபகுதியைப் பனிப்பாளங்கள் மூடியிருந்த காலத்தில், பருவமழை நலிந்து, நீலகிரி வறண்ட புல்வெளியாக இருந்தது. பின்னர் மழை பெருகி, ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் உச்சம் அடைந்தது; அதன்பின் மீண்டும் வறட்சி தலைகாட்டியது.

இதே வரலாற்றைக் கடலும் எழுதி வைத்துள்ளது. மிதவைப் பிராணிகளுள் சுண்ணாம்பு ஓடுடைய குளோபிஜெரினா புல்லாய்டெஸ் என்னும் ஒருவகை, அடிநீர் மேலேறும் இடத்தில் மிகுதியாகப் பெருகும். பருவக்காற்று வலுத்த ஆண்டுகளில் அதன் ஓடுகள் கடலடியில் மிகுதியாகப் படியும்; காற்று நலிந்தால் குறையும். ஓமான் கரைக்கு அப்பால் எடுத்த கடலடிச் சேற்றில் இவ்வோடுகளை எண்ணிய அனில் குப்தா என்னும் இந்திய விஞ்ஞானியும் அவருடன் பணிபுரிந்தோரும், கடந்த 10,000 ஆண்டுகளின் தொடக்கத்தில் பருவக்காற்று வலுவாக இருந்து பின்னர்த் தளர்ந்ததை 2003-இல் எடுத்துக் காட்டினர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில், ஒன்று உப்புநீரிலும் ஒன்று மலைநீரிலும் எழுதப்பட்ட இரு ஏடுகள், பெரும்போக்கில் ஒன்றையே சொல்கின்றன.

இன்னுமொரு தொடர்பும் உண்டு. பனிக்காலத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 190 பங்குக்கும் குறைவாக இருந்தது என்பதைத் தென்முனைப் பனிக்கட்டியில் அடைபட்ட காற்றுக் குமிழிகள் காட்டுகின்றன. குறைந்ததில் ஒரு பகுதிக்குக் காரணம், வறண்ட நிலங்களின் இரும்புத் தூசு தென்கடலில் விழுந்து மிதவைத் தாவரங்கள் செழித்ததே என்று கருதுகின்றனர். கரியமில வாயு குறைந்தால் வெப்பநாட்டுப் புல்லுக்கே அது சாதகம். எனவே, நீலகிரியில் அக்காலத்தில் புல் பரவியதற்கு வறட்சியோடு, உலகின் மறுகோடியில் நுண்ணுயிர்கள் செய்த வேலையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது சிந்திக்கத்தக்கது.

சதுப்பை வடித்தால் வரும் கேடு

பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்த இக்களஞ்சியத்தைத் திறக்க ஒரு வாய்க்கால் போதும். நீரை வடித்துவிட்டால் கருஞ்சேற்றைக் காற்று எட்டுகிறது, மட்குதல் தொடங்குகிறது. கரி, கரியமில வாயுவாகி வெளியேறுகிறது. நிலமும் தாழ்கிறது. முதற் சில ஆண்டுகளில் காரட்டும் உருளைக்கிழங்கும் செழித்து விளைவது உண்மையே. ஆனால் அது முதலை எடுத்து உண்பதற்கு ஒப்பாகும். சேறு மட்கித் தீர்ந்தபின் எஞ்சுவது சத்தற்ற மண்ணே.

கரியைவிட நமக்கு உடனடியாகத் தெரியும் இழப்பு, நீரே ஆகும். சதுப்பு ஒரு பஞ்சு போன்றது. மழைக்காலத்தில் உறிஞ்சி, கோடையில் சிறிது சிறிதாக விடுகிறது. பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர்த்தேக்கங்களுக்கும், கீழே கோபி, ஈரோடு வட்டாரத்து வயல்களுக்குப் பாயும் பவானிக்கும் இம்மலைப் புல்மேடும் சோலையும் சதுப்புமே தாய்வீடு. தோடர்கள் தங்கள் கோயில்களுக்கு வேயும் அரிய புல்லும் சதுப்பிலேயே வளர்கிறது. சதுப்பு போனால் அப்புல்லும் போகும்.

மரம் நடுவது எங்கும் நன்மையே என்று எண்ணுதலும் தவறு. உதகையிலுள்ள மண்வள ஆராய்ச்சி நிலையத்தார், கிளன்மார்கனில் அடுத்தடுத்துள்ள இரு நீர்ப்பிடிப்புப் பள்ளங்களை எடுத்துக் கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் 1972-இல் கற்பூர மரம் என்னும் தைல மரத்தை நட்டனர். முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட பள்ளத்திலிருந்து வந்த நீர் சராசரியாக நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. புல்மேட்டிலும் சதுப்பிலும் அயல்நாட்டு மரத்தை நடுவதால், மேலே சிறிது கரியைச் சேர்த்து, கீழே நீரையும் மண்ணிலுள்ள கரியையும் இழக்க நேரிடும்.

கடல் சூடேறுவதன் மற்றொரு பயனையும் நாம் பட்டறிந்துள்ளோம். சூடான கடலிலிருந்து நீராவி மிகுதியாக எழுவதால், மழை பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு மிகுகிறது. 2009 நவம்பரில், பின்னர் அரபிக்கடலில் பியான் என்று பெயர் பெற்ற புயற்சின்னத்தால் கேத்தி, குன்னூர்ப் பகுதிகளில் பெய்த பெருமழையில் மலைச்சரிவுகள் பெயர்ந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. தனியொரு மழைக்குக் கடலின் வெப்பமே முழுக் காரணம் என்று சொல்வது பொருந்தாது. ஆனால், இத்தகைய மழையை எதிர்பார்த்து மலையைக் காப்பது அறிவுடைமையாகும். பஞ்சாக நின்று நீரைத் தாங்கும் சதுப்பையும் வேரால் மண்ணைப் பிடிக்கும் புல்லையும் இழந்த மலைக்குத் தாங்கும் ஆற்றல் குறைவு.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லையிலுள்ள சதுப்புகளையும் ஊற்றுகளையும் கணக்கெடுத்து, கிராம சபையில் படித்துக் காட்டிப் பதிவு செய்தல் வேண்டும். எங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரியாத ஒன்றைக் காக்க இயலாது. ஈரநிலங்களைக் காக்க மாநில அரசு 2022 முதல் தனி இயக்கமொன்றை நடத்தி வருவதால், அதன் உதவியை ஊர்கள் கேட்டுப் பெறலாம்.

இரண்டாவது, சதுப்பின் ஓரம் வரை மண்வெட்டியைக் கொண்டு செல்லாமல், இடையில் புல்வரம்பு ஒன்றை விடுதல் நலம். முன்பு வெட்டிய வடிகால்களைக் கல்லும் மண்ணும் கொண்டு ஆங்காங்கே அடைத்தால், நீர் மீண்டும் தேங்கி, மட்குதல் தணியும்.

மூன்றாவது, மலைக்காய்கறி பயிரிடுவோர் சரிவின் மேலிருந்து கீழாகப் பாத்தி அமைக்கும் வழக்கத்தை விட்டு, சம உயர வரப்பும் படிவரப்பும் அமைத்தல் வேண்டும். மேல்மண் அடித்துச் செல்லப்படும்போது மண்ணிலுள்ள கரியும் உடன் செல்கிறது.

நான்காவது, சிறு தேயிலை விவசாயிகள் கவாத்துச் செய்த கிளைகளையும் இலைகளையும் எரிக்காமல் செடியடியிலேயே பரப்பினால், மண்ணின் ஈரம் காக்கப்படும். கரியும் மண்ணில் சேரும். மண்ணைச் சோதித்துத் தேவைக்கேற்ப மட்டும் யூரியா இடுதல் செலவையும் குறைக்கும். மிகையான நைட்ரஜன் ஓடை வழியே ஆற்றையும் ஆற்றின் வழியே கடலையும் அடைந்து, அங்கே வேண்டாத உயிர்கள் பெருகக் காரணமாகிறது.

ஐந்தாவது, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் கொழுந்தை உலர்த்த எரிக்கும் விறகை மிச்சப்படுத்தும் அடுப்பு முறைகளை ஆராயலாம். அதில் உறுப்பினருக்கே ஆதாயம் உண்டு.

இவற்றால் உலகக் கடலின் வெப்பம் தணிந்துவிடும் என்று யாரும் கூறார். கடல் சூடேறுவதற்குத் தலையாய காரணம், உலகெங்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவதே. அதனைக் குறைக்கும் பொறுப்பு பெரிய தொழில் நாடுகளுக்கும் அரசுகளுக்கும் மிகுதி. நீலகிரியின் சதுப்பில் உள்ள கரி, உலகக் கணக்கில் சிறு துளி. ஆயினும், அத்துளியைக் காப்பதால் வரும் கோடைநீரும், சரியாத மலையும், வளம் குன்றாத மண்ணும் நம் ஊருக்கே உரியவை. பிறர் செய்வாரா என்று காத்திருக்க வேண்டாத நன்மைகள் இவை.

கடலில் உள்ள நுண்ணுயிர் ஒன்று தன் சில நாள் வாழ்வில் சேர்ப்பது அணுவளவே. அவ்வாறு கோடானுகோடி உயிர்கள் சேர்த்ததே இவ்வுலகம் வாழத்தக்கதாக இருப்பதற்கு ஒரு துணை. சதுப்பில் ஆண்டுக்கு ஒரு மெல்லிய படலமாகப் படிந்ததே 20,000 ஆண்டுகளின் ஏடாக நிற்கிறது. அடுத்த ஆனி மாதத்தில் மேகம் மேற்கு முகட்டைத் தாண்டி வரும்போது, அம்மழையைத் தாங்கி வைக்க நம் ஊர்ப் பள்ளத்தில் இடம் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் சென்று பார்த்து வருதல் நன்று.